தூத்துக்குடித் துப்பாக்கிச் சூடும் அது பற்றிய பதிவுகளும்: கோட்பாட்டை எங்கே வைத்துப் படிப்பது?

கேட்டவர் இதழியல் முதுகலை மாணவர். போராட்டங்களில் போலீஸ் நடந்துகொண்ட விதம் பற்றிய சமூக ஊடகப் பதிவுகளை ஆய்வுக்கு எடுத்திருக்கிறார். "விமர்சனச் சமூகக் கோட்பாடுகளைப் பொருத்திப் பாருங்கள்" என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். சமூகத்தில் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று கேள்வி கேட்கும் கோட்பாடுகள் அவை. எந்தக் கோட்பாட்டை, எந்தப் பதிவில், எப்படிப் பொருத்துவது என்பது கேள்வி.

நம் ஊர் ஆய்வேடுகள் பலவற்றில் இரண்டாம் அத்தியாயத்தில் அதிகாரம் பற்றி எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ வருவார். நான்காம் அத்தியாயத்தில் ட்வீட்டுகள் வரும். கடைசிப் பக்கம் வரை இரண்டும் சந்தித்துக்கொள்ளாது. "இப்பதிவில் அதிகாரம் வெளிப்படுகிறது" என்று ஒரு வரியில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று தெரிந்துகொள்ள ஃபூக்கோ எதற்கு? பதிவைப் போலீஸ் நடவடிக்கை பற்றிய கருத்தாக மட்டும் படிக்காமல், அந்த நடவடிக்கையின் ஒரு பகுதியாகவே படிக்க வைத்தால்தான் கோட்பாட்டால் பயன். யார் 'பொதுமக்கள்', யார் 'கும்பல்' என்று தடியடிக்கு முன்பே பிரித்து வைக்கிறார்கள். நடந்து முடிந்ததற்குப் பிறகு பெயர் வைக்கிறார்கள். இரண்டு வேலையும் இன்று பெரும்பாலும் செல்போன் திரையில்தான் நடக்கின்றன.

பொதுவாகப் பேசினால் எதுவும் ஒட்டாது. ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். 2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லி அ. குமரெட்டியாபுரத்தில் தொடங்கிய போராட்டத்தின் 100வது நாள். முந்தின இரவே 144 தடை உத்தரவு போட்டிருந்தார்கள். மக்கள் ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் ஒருவர் 17 வயது மாணவி. மே 28 அன்று ஆலையை மூட அரசு ஆணையிட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையிலான விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. இந்த நிகழ்வை எடுக்க முக்கியக் காரணம் அந்த அறிக்கைதான். பதிவுகளில் அன்று சண்டைபோட்டுக்கொண்ட பல கேள்விகளுக்கு, நான்கு ஆண்டு கழித்து அரசு அமைத்த ஆணையமே பதில் எழுதியிருக்கிறது. பதிவையும் அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வாய்ப்பு எல்லா ஆய்வாளருக்கும் கிடைப்பதில்லை.

முதலில் பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால். பிரிட்டனில் வழிப்பறி பற்றிய பீதி எப்படிக் கிளம்பியது என்று 1978இல் அவரும் பர்மிங்காம் பல்கலைக்கழகச் சகாக்களும் எழுதினார்கள். செய்தியில் முதலில் பேச இடம் கிடைப்பது போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் அமைச்சருக்கும்தான், விவாதத்தின் எல்லையை அந்த முதல் பேச்சே வகுத்துவிடுகிறது, பிறகு மறுத்துப் பேசுகிறவரும் அதே எல்லைக்குள் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் வாதம். சமூக ஊடகம் வந்த பிறகு இந்த வாதம் காலாவதியாகிவிட்டது, இப்போது யார் வேண்டுமானாலும் முதலில் பேசலாம் என்று நினைப்போம். தூத்துக்குடியை வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

அன்று எல்லார் போனுக்கும் வந்த காட்சி, போலீஸ் வேனின் கூரை மேல் மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருவர் ஊர்ந்து போய்த் துப்பாக்கியால் குறிபார்ப்பது. ஒருத்தராவது சாக வேண்டும் என்ற பொருளில் பின்னணியில் ஒரு குரல் கேட்பதாகவும் செய்திகள் வந்தன. அரசுத் தரப்புக் கதையை அசைத்த அந்தக் காட்சி, போராட்டக்காரர் ஒருவரின் போனிலிருந்து வந்ததல்ல. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் வெளியிட்டது. 'குடிமக்கள் இதழியல் வென்றது' என்று எழுதும் முன் இதைக் கவனிக்க வேண்டும். பதிவர்கள் செய்தது வேறு வேலை: அந்தச் சில விநாடிகளை வெட்டி எடுத்தார்கள், சட்டையைச் சுற்றி வட்டம் போட்டார்கள், 'சீருடை எங்கே?' என்று கேட்டார்கள். படம்பிடித்தவர் ஒருவர், பொருள் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர்.

ஹாலின் இன்னொரு கருத்து இங்கே உதவும். ஒரு செய்தியை அனுப்பியவர் விரும்பியபடியே வாசிக்கலாம், பேரம்பேசி வாசிக்கலாம், எதிர்த்து வாசிக்கலாம் என்பார். மஞ்சள் சட்டை வீடியோவுக்கு வந்த எதிர்வினைகளை இந்த மூன்றாகப் பிரிப்பது சுலபம். 'கல்லெறிகிற கூட்டத்தை வேறு எப்படி அடக்குவது?' என்பது ஒரு வகை. 'இது திட்டமிட்ட கொலை' என்பது இன்னொரு வகை. நான் நெடுநேரம் நின்று பார்க்கச் சொல்வது நடுவில் இருப்பதை: 'சுட்டதுதான் சுட்டார்கள், முட்டிக்குக் கீழே சுட்டிருக்கக் கூடாதா?'

இந்த முட்டிக்குக் கீழே வாதம் தமிழ்நாட்டில் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் வரும். சொல்கிறவர் அநேகமாக இரக்கத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அந்த இரக்கத்துக்குள்ளேயே சுடும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டுவிடுகிறது. மிச்சம் இருப்பது எந்த உயரத்தில் சுடுவது என்ற நடைமுறைக் கேள்விதான். இத்தாலிய மார்க்சியர் கிராம்சி மேலாதிக்கம் (ஆளப்படுகிறவர்களின் இசைவோடு நடக்கும் ஆட்சி) என்று சொன்னதை மாணவர்கள் பெரும்பாலும் பிரச்சாரம் என்றே புரிந்துகொள்கிறார்கள். பிரச்சாரத்தை எதிர்த்துவிடலாம். போலீசைக் கண்டிக்கும் வாக்கியத்துக்குள்ளேயே அவர்களுக்கான இசைவு ஒளிந்திருந்தால் எதை எதிர்ப்பது? மேலாதிக்கத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால் அரசை ஆதரிக்கும் பதிவுகளில் தேடாதீர்கள். இப்படிப்பட்ட அரைகுறைக் கண்டனங்களில் தேடுங்கள், நிறையக் கிடைக்கும். 'முறையாக எச்சரித்தார்களா, கண்ணீர்ப் புகை வீசினார்களா' என்று விதிப் புத்தகத்தை வைத்து மட்டும் வாதாடும் பதிவுகளும் இதே வகையில் சேரும். ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1921இல் எழுதியதை இந்த இடத்தில் தொட்டுக்கொள்ளலாம்: சட்டத்தை உண்டாக்கும் வன்முறையும் அதைக் காக்கும் வன்முறையும் போலீசிடம் பிரிக்க முடியாமல் கலந்து கிடக்கின்றன என்றார் அவர். முந்தின இரவு போட்ட தடை உத்தரவு மறுநாள் காலை நடந்து வந்தவர்களை எல்லாம் சட்ட மீறலாளர்கள் ஆக்கியது. இதைவிடச் சுருக்கமான உதாரணம் கிடைக்காது.

அடுத்தது மொழி. மொழியியலாளர் நார்மன் ஃபேர்கிளஃப் வழியிலான சொல்லாடல் பகுப்பாய்வை, அதாவது வாக்கியங்களுக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கும் முறையை, தமிழில் செய்யும்போது ஒரு வசதியும் ஒரு கண்ணியும் இருக்கின்றன. 'துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி' என்ற வாக்கியத்தில் சுட்டவர் இல்லை. 'துப்பாக்கிச் சூடு நடந்தது' என்றால் மழை பெய்தது போல ஆகிவிடுகிறது. 'போலீஸ் சுட்டதில்' என்று எழுதினால் ஆள் வந்துவிடுகிறார். 'இன்னார் உத்தரவின் பேரில் சுட்டதில்' என்றால் இன்னொருவரும் வந்து நிற்கிறார். உத்தரவிட்டது யார் என்று பதிவர்கள் நாள்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துணை வட்டாட்சியர்கள் உத்தரவிட்டதாக முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது என்ற செய்தி சில நாள் கழித்துத்தான் வந்தது. உடனே 'இவ்வளவு பெரிய முடிவைத் துணை வட்டாட்சியரா எடுத்தார்?' என்ற கிண்டல் கிளம்பியது. வாக்கியத்தில் எழுவாய் இல்லாததும் நிர்வாகத்தில் பொறுப்பு ஏற்க ஆள் இல்லாததும் ஒரே விஷயமாக மாறுகிற இடம் இது. ஃபேர்கிளஃப் பனுவல் (எழுதப்பட்ட வாசகம்), அதன் உற்பத்தியும் புழக்கமும், சமூக நடைமுறை என்று மூன்று அடுக்கு சொல்வார். அந்த மூன்றும் இங்கே ஒன்றன் மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றன.

கண்ணி என்னவென்றால், எழுவாய் இல்லாத தலைப்பு தமிழ்ப் பத்திரிகையின் அன்றாடப் பழக்கம். 'லாரி மோதி மூவர் பலி', 'சுவர் இடிந்து இருவர் பலி' என்று தினமும் வருகிறது. அதனால் எழுவாய் இல்லாத வாக்கியங்களை எண்ணி, இத்தனை சதவீதம், ஆகவே கருத்தியல் என்று எழுதிவிடக் கூடாது. ஒப்பீடு வேண்டும். அதே பத்திரிகையின் அதே முகநூல் பக்கம், கல்லெறிந்தவர்களைப் பற்றி எழுதும்போது எழுவாயைத் தெளிவாக எழுதுகிறதா? 'போராட்டக்காரர்கள் வாகனங்களுக்குத் தீ வைத்தனர்' என்று ஒரு வரியும், 'துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது' என்று அடுத்த வரியும் ஒரே பதிவில் இருந்தால் அது சான்று. தனியாக ஒரு வரி மட்டும் இருந்தால் அது நடை.

பிரெஞ்சு மார்க்சியர் அல்தூசருக்கு வருவோம். 1970இல் அவர் எழுதிய கட்டுரையில் தெருவில் போகிறவரைப் போலீஸ்காரர் 'ஏய், நீ!' என்று கூப்பிடுகிறார். திரும்பிப் பார்த்த அந்தக் கணத்தில் அவர் அரசின் முன் ஒரு ஆளாக, 'நான்தான் அது' என்று ஏற்றுக்கொண்டவராக ஆகிவிடுகிறார். கோட்பாட்டு வகுப்பில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் உதாரணம் இது. போலீஸ் பற்றிய ஆய்வில் இதை விட்டுவிட்டால் எப்படி?

தூத்துக்குடியில் அந்தக் கூப்பிடும் சொல் 'சமூக விரோதிகள்'. போராட்டம் நியாயமானது, உள்ளே சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள் என்ற வாய்பாடு அதற்கு முந்தின ஆண்டு ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் முடிவிலும் வந்தது. 2017 ஜனவரி 23 அன்று மெரினாவில் கூட்டத்தைக் கலைத்த பிறகு, போலீசாரே வாகனங்களுக்குத் தீ வைப்பதாகத் தெரியும் வீடியோக்கள் ஒரு பக்கம் பரவின. மறுபக்கம் கூட்டத்தில் ஒசாமா பின்லேடன் படம் இருந்ததாக அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சட்டமன்றத்தில் சொன்னார். இந்த வாய்பாட்டின் சாமர்த்தியம் போராட்டத்தை எதிர்க்காமல் போராடுகிறவர்களை இரண்டாகப் பிரிப்பதில் இருக்கிறது. நல்ல போராட்டக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார், அடிபட்டவர் மற்றவர். அப்படியென்றால் அடிபட்டதே அவர் யார் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

2018 மே 30 அன்று ரஜினிகாந்த் தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குக் காயமடைந்தவர்களைப் பார்க்க வந்தார். பின்னர் செய்தியாளர்களிடம் சமூக விரோதிகள் ஊடுருவியதுதான் காரணம் என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்று போனால் தமிழ்நாடே சுடுகாடாகிவிடும் என்றும் பேசினார். அரசு சொன்னால் பாதிப்பேர் நம்ப மாட்டார்கள், அதையே ஒரு நட்சத்திரம் சொன்னால் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துவிடும். கிராம்சியை மறுபடி கூப்பிடலாம்.

ஆனால் இணையத்தில் அன்று ஓடியது வேறு. மருத்துவமனையில் காயமடைந்த இளைஞர் ஒருவர் அவரைப் பார்த்து 'யார் நீங்க?' என்று கேட்க, அவர் 'நான்தான்பா ரஜினிகாந்த்' என்று சொன்ன துண்டு வீடியோ. #நான்தான்பாரஜினிகாந்த் என்று ஹேஷ்டேக் போட்டு நாள் முழுக்கச் சிரித்தார்கள். அல்தூசரைத் தலைகீழாக நிறுத்திய காட்சி இது. படுக்கையில் கிடக்கிறவர் கூப்பிடுகிறார், மேலே நிற்கிறவர் தன்னை அடையாளம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அந்த முகத்தைப் பார்த்து யார் என்று கேட்பதற்குத் தெரியாமை காரணமாக இருக்க முடியாது என்று பார்த்த எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு அங்கிருந்து வந்தது. மீம்களை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட்டு 'கருத்துள்ள' பதிவுகளை மட்டும் கோடிங் செய்யும் (வகை வகையாகக் குறியிட்டுப் பிரிக்கும்) மாணவர்கள் அந்த வாரத்தின் மிகக் கூர்மையான அரசியல் வாதத்தைத் தவறவிடுவார்கள். கூடவே ஒரு எச்சரிக்கை. அந்த ஹேஷ்டேக்கில் வந்ததெல்லாம் ஸ்டெர்லைட் பற்றியது அல்ல. அரசியலுக்கு வருவதாக ஐந்து மாதம் முன்பு அறிவித்திருந்த ஒருவரைக் கட்சிக்காரர்கள் கலாய்த்ததும் அதற்குள்ளேதான் கிடக்கிறது. எது எது என்று பிரிக்க ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், மென்பொருள் பிரித்துத் தராது.

இதுவரை சொன்னது கண்ணில் படும் பதிவுகளைப் பற்றி. எழுதப்படாமல் போனவற்றுக்கு வருவோம். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களில் இணையத்தை ஐந்து நாளுக்கு நிறுத்த அரசு உத்தரவிட்டது. சமூக ஊடகத்தில் பரவும் செய்திகளைத்தான் காரணமாகச் சொன்னார்கள். உங்கள் ஆய்வுக்கு இது தலையாய தகவல். அந்த நாட்களில் #ஸ்டெர்லைட் என்று தேடி எடுத்த ஆயிரக்கணக்கான பதிவுகளில் பெரும்பங்கு சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்திருக்கத்தான் வாய்ப்பு. சுடப்பட்ட ஊர் ஊமையாக்கப்பட்டிருந்தது. 'மக்களின் குரல்' என்று அந்தத் தரவுக்குத் தலைப்பு வைத்தால் இணைய முடக்கத்துக்கு நாமே உடந்தை.

மக்கள் கூடிப் பொது விஷயம் பேசும் பொதுவெளி ஒன்றல்ல, ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று எதிர்ப் பொதுவெளிகளை உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று அமெரிக்கத் தத்துவவாதி நான்சி ஃபிரேசர் 1990இல், பொதுவெளிக் கோட்பாட்டை முன்வைத்த ஜெர்மன் தத்துவவாதி ஹேபர்மாஸுக்குப் பதில் எழுதினார். இந்தக் கருத்தைப் பலரும் ட்விட்டருக்கு அப்படியே ஒட்டிவிடுகிறார்கள். தூத்துக்குடியின் எதிர்ப் பொதுவெளி குமரெட்டியாபுரத்து வேப்பமர நிழலிலும், மீனவர் தெருக்களிலும், வாட்ஸ்அப் குரல் பதிவுகளிலும் இருந்தது. ஹேஷ்டேக் அதன் வெளி விளிம்பு. வாட்ஸ்அப் குரல் பதிவுகள் எந்தத் தரவு சேகரிப்புக் கருவிக்கும் சிக்காது. அவற்றைக் கேட்க வேண்டுமென்றால் அந்த ஊருக்குப் போய் ஆட்களிடம் பேச வேண்டும், அதற்கு அவர்கள் சம்மதமும் வேண்டும்.

யாருடைய சாவு துக்கத்துக்கு உரியதாகிறது என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லரின் கேள்வியையும் வைத்துக்கொள்ளுங்கள். 17 வயது மாணவியின் படம் எல்லார் சுவரிலும் வந்தது. மற்ற பலரின் பெயர்கூட நினைவில் இல்லை. இளம் வயது, பெண், மாணவி, கள்ளமில்லாத புகைப்படம். நடுத்தர வயதுக் கூலித் தொழிலாளிக்கு அந்தப் புகைப்படம் கிடையாது.

பட்லரோடு நின்றுவிடவும் கூடாது. 2018இல் ஓங்கி ஒலித்த சட்டகம் 'தமிழனைச் சுட்டார்கள்' என்பது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். 2011 செப்டம்பர் 11 அன்று, இமானுவேல் சேகரன் நினைவு நாளில், பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித்துகள் உயிரிழந்தார்கள். இந்த இரண்டுக்கும் 'தமிழன்' என்ற பொதுப்பெயர் அப்படி ஓடி வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. 1999இல் சமூக ஊடகம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். 2011இல் முகநூல் இருந்தது. அம்பேத்கர் சொன்ன படிநிலைப்பட்ட சமத்துவமின்மையை (சாதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வைக்கும் முறையை) கோட்பாட்டு அத்தியாயத்தில் வையுங்கள், 'இந்தியப் பின்னணி' என்ற துணைத்தலைப்பில் ஒளிக்காமல் அல்தூசருக்குச் சமமாக. எந்தச் சாவுக்கு மாநிலமே கொதிக்கும், எந்தச் சாவு 'சாதிக் கலவரம்' என்று கோப்பில் மூடப்படும் என்று விளக்க பிராங்பர்ட்டிலும் பாரிஸிலும் பிறந்த கோட்பாடுகள் போதாது.

கண்காணிப்பு பற்றி ஃபூக்கோ சொன்னதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், மற்றவர்கள் போதிய அளவு சொல்லிவிட்டார்கள். கேமரா இரண்டு பக்கமும் பார்க்கும். போலீசைக் காட்டிக்கொடுத்த வகை வீடியோக்களில்தான் போராட்டக்காரர்களின் முகங்களும் இருக்கின்றன. பதிவு போட்டதற்கே கைது நடந்தது: 2018 ஜூனில், தொடர் படப்பிடிப்புக்காகப் போட்டிருந்த போலீஸ் உடையிலேயே துப்பாக்கிச் சூட்டைக் கண்டித்து வீடியோ வெளியிட்ட சின்னத்திரை நடிகை ஒருவர் கைதானார். ஆகவே ஆய்வேட்டில் பயனர் பெயர், முகம், அப்படியே தேடினால் கிடைத்துவிடும் முழு வாசகம் எதையும் தராதீர்கள். உங்கள் ஆய்வேடு பல்கலைக்கழக இணையதளத்தில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிப்பார்கள்.

போலீசை ஆதரித்த பதிவுகளை என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். 'போலிப் பிரக்ஞை' (தங்கள் நலன் எது என்றே அறியாத மயக்கம்) என்று முத்திரை குத்தி ஓரம் தள்ளுவது சோம்பேறித்தனம். அதில் போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள், கல்லடி பட்டவரின் சொந்தக்காரர் இருப்பார், ஆலையை நம்பிப் பிழைத்த ஒப்பந்தத் தொழிலாளி இருப்பார். விமர்சனக் கோட்பாடு இவர்களையும் விளக்க வேண்டும். விளக்க முடியவில்லை என்றால் குறை கோட்பாட்டில் இருக்கிறது.

நடைமுறைக்கு வருகிறேன். இரண்டு லட்சம் ட்வீட்டுகளைத் திரட்டும் ஆசையை விடுங்கள். ட்விட்டர் தன் இலவசத் தரவு வாசலை 2023இல் சாத்திவிட்டது, பழைய பதிவுகள் பல அழிந்தும் போயின. மே 22 காலை முதல் ஜூன் முதல் வாரம் வரை, நேர வரிசையில், இருநூறு முந்நூறு பதிவுகளை மீம், வீடியோ, பின்னூட்டம் எல்லாம் சேர்த்துக் கையால் எடுங்கள். ஹாலை முதன்மையாக வையுங்கள், மொழிப் பகுதிக்கு ஃபேர்கிளஃப், மற்றவர்கள் தேவைப்பட்ட இடத்தில் வந்துபோகட்டும். இத்தனை கோட்பாட்டாளர்களையும் அடுக்கினால் தேர்வாளர் அத்தனை கேள்வி கேட்பார்.

அதற்கும் முன்னால் ஆணைய அறிக்கையைப் படித்துவிடுங்கள். ஆட்சியர் அலுவலகப் பூங்காவில் மறைந்திருந்து, தப்பி ஓடியவர்கள் மீது சுட்டார்கள் என்று அது சொல்கிறது. 17 போலீசார் மீது நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கிறது. டி.வி. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதை ஏற்க மறுக்கிறது. இந்த மூன்றையும் 2018 மே மாதமே சொன்ன பதிவுகள் எவை, அவற்றை 'வதந்தி' என்று அழைத்தவர்கள் யார், அழைத்தவர்களுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். உங்கள் நான்காம் அத்தியாயம் அந்த வரிசையிலிருந்து தொடங்கலாம்.